பாலம் திறக்கும் நேரம்

தம்மோ எய்க்கெமாவின் வலது நுரையீரலில்
கீழ்மடலில் ஒரு கட்டி
பதினொரு மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது,
அவர் தூங்கும்போதும்
என்னோடு சண்டை போடும்போதும்.

ஒரு மூச்சைப் பத்தாக நறுக்கிப்
பத்துப் படம் எடுத்தோம்.
பத்திலும் வேறு வேறு இடத்தில் இருந்தது,
வாடகை பாக்கி வைத்தவன் போல.

புரோட்டான் அப்படியில்லை.
சொன்ன ஆழத்தில் நிற்கும்.
கைவசம் உள்ளதையெல்லாம்
கடைசி எட்டில் கொட்டிவிட்டு
அங்கேயே தீர்ந்துபோகும்.
இந்த ஒழுங்குதான் எனக்குத் தொல்லை.
கட்டி விலகிய இடத்தில் காற்று இருந்தால்
காற்றில் நிற்கத் தெரியாது அதற்கு.
இதயம்வரை போய்விடும்.

புள்ளி புள்ளியாக நிரப்புகிறோம்.
தரை நகர்ந்தால்
ஒரு புள்ளி இரண்டு முறை விழும்
ஒரு புள்ளி விழவே விழாது.

"மூச்சை இழுத்துப் பிடியுங்கள், மெனேயர் எய்க்கெமா."

நாற்பத்தோரு ஆண்டு
குரோனிங்கன் கால்வாயில் பாலம் தூக்கியவர்.
"படகுக்காகச் சைக்கிள்களை நிறுத்துவேன்," என்றார்.
"எங்கள் ஊர் வசவுகள் தெரியுமே, எல்லாம் நோயின் பெயர்கள்.
காலரா. டைபாய்டு. இதுவும்.
மழையில் நின்றபடி தினமும் யாராவது
இதை எனக்கு வேண்டிக்கொண்டார்கள்.
ஒருவர் மட்டும் மனதாரச் சொல்லியிருக்க வேண்டும்."

அவர் சிரித்தார். பட்டை குதித்தது.
கண்ணாடித் திரையில் மஞ்சள் பட்டை,
மூச்சோடு ஏறும்.
பச்சைக் கட்டத்துக்குள் அது நின்றால்தான்
கதிர் திறக்கும்.
முதல் நாள் பதினான்கு நொடி.
மூன்றாம் வாரம் இருபத்தாறு;
காத்திருப்பவர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.
இருமல் வந்த அன்று
கதிர் தானே அறுந்தது.
ஒலிபெருக்கியில் அவர் குரல்:
"மன்னியுங்கள், ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டது."

நான்காம் வாரப் படத்தில்
கட்டி மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.
அடைபட்டிருந்த மடல் விரிந்து
காற்று புகுந்திருந்தது.
டாக்டர் ஹார்ம்சென் கைதட்டினார்.
நான் பழைய கணக்கைப் புதிய நுரையீரல்மேல் போட்டேன்.
சிவப்புக் கோடு
உணவுக்குழாயைத் தாண்டிப் போனது.

"இன்று சிகிச்சை இல்லை," என்றேன்.
"நல்ல சேதி என்றார்களே?"
"நல்ல சேதிதான்."
"நல்ல சேதிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்களா?"
அவர் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
காற்று கூடினால் கதிர் கூடுதல் தூரம் ஓடும் என்று
கைகளால் காட்டினேன்.
கைகளைப் பார்க்காமல்
வெகுநேரம் தரையைப் பார்த்தார்.
பிறகு:
"நீர்மட்டம் ஏறினால்
பாலத்தின் உயரப் பலகையை மாற்ற வேண்டும்.
பழைய பலகையை நம்பி வந்த ஒருவன்
தன் சமையலறைக் கூரையை
என்னிடம் விட்டுப்போனான்."

அன்று இரவு ஹோக்கெர்க் ஆலையிலிருந்து
சர்க்கரைக்கிழங்கு வேகும் வாசம்
ஜன்னல் வழியே வந்தது.
அவர் ஒரு விரற்கடை இடம் தள்ளிப் படுத்தால்,
இன்னும் இரண்டு கிலோ மெலிந்தால்,
பாதி மூச்சில் பயந்துவிட்டால்...
ஒவ்வொன்றுக்கும் ஒரு தம்மோவைச் செய்து
திரையில் கிடத்தினேன்.
ஒரே அடுக்கை ஐந்து முறை மெலிதாகப் பூசினேன்.
இருபத்தொரு தம்மோக்கள் பிழைத்தார்கள்.
இருபத்திரண்டாமவருக்காக
விடியும்வரை உட்கார்ந்தேன்.

மூன்று நாள் கழித்து அதே மேசை.
பட்டை ஏறியது. நின்றது.
இருபத்து நான்கு நொடி.
இன்னும் ஒன்பது அமர்வுகள் பாக்கி,
அதற்குப் பிறகு யார் கண்டார்கள்.

வீடு திரும்புகையில் பாலம் ஏறிவிட்டது.
மழை. எங்கள் முன்னால் கம்பி இறங்க,
மணல் ஏற்றிய படகு ஒன்று
அவசரமேயில்லாமல் நுழைந்தது.
என் பின்னால் ஒரு பையன்
பாலக்காரனுக்கு அந்த நோயை வேண்டிக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தேன்.
மழைக்கோட்டின் ஜிப் பாதியில் சிக்கி
அதோடு போராடிக்கொண்டிருந்தான்.
சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு
எடுத்துவிட்டேன்.
படகு இன்னும் முழுதாகக் கடந்திருக்கவில்லை.